அலோனில் ஓர் ஆப்பிரிக்கத் தவளை

அரைகுறையாகப் படித்தவனிடம் பூதக்கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், யாங்கோன் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறை வகுப்புகளுக்குத் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். வேலை நிரந்தரமாகுமா என்று பேராசிரியை முடிவு செய்யவேண்டிய மாதம். (சயாமா என்றுதான் கூப்பிடுவோம், இங்கே ஆசிரியைகளுக்கு அதுவே மரியாதை; ஆண்களுக்கு சயா.)

யாங்கோனின் அலோன் பகுதியில் எங்கள் பக்கத்துவீட்டு அந்தோணி அண்ணன் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு மழைக்காலக் காலையில், அவருடைய பட்டறைத் தொட்டியில் ஒரு தவளையைப் பார்த்தேன். முதுகெல்லாம் பளிச்சென்று மஞ்சள் புள்ளிகள். நூலகப் புத்தகத்தில் கண்ட அதே படம்!

"அண்ணே, இது ஆப்பிரிக்க மலைநாட்டு நாணல் தவளை!"

"இல்ல சயா, நம்மூரு தவளதான். நேத்து என்னாச்சுன்னா..."

"உங்களுக்குப் பெயின்ட் தெரியும். தவளை எனக்குத் தெரியும்."

(எழுதும்போதே காது சுடுகிறது.) அண்ணன் தூரிகையைத் துடைக்கப் போய்விட்டார்.

தவளையைப் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டினேன்: 'பேரினம்: ஹைபரோலியஸ். பரவல்: ஆப்பிரிக்க மலைநாடு மற்றும் அலோன்.' அந்த 'மற்றும்' இருக்கிறதே, அதற்காக மட்டும் என்னை நான் மன்னிக்கவே இல்லை.

அன்றே அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோனதும், சயாமா எல்லா ஆசிரியர்களையும் கூட்டிவிட்டார்.

"இந்தப் பேரினம் ஆப்பிரிக்காவைத் தாண்டி எங்கேயும் கிடையாதே. நீங்கள் சொல்லும் தவளை அங்கேயும் குளிர்ந்த மலைகளில்தான் இருக்கும். இங்கே எப்படி வந்தது?"

"கப்பலில், சயாமா. எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பக்கம்."

"மலையிலிருந்தா கப்பல் ஏறியது?"

யாரோ இருமினார்கள். சயாமா ஈரப் பஞ்சை எடுத்துத் தவளையின் முதுகை மெல்லத் துடைத்தார். ஆப்பிரிக்கா பஞ்சோடு வந்துவிட்டது. மிச்சம் நின்றது, எங்கள் குளியலறைச் சுவரில் தினமும் ஒட்டியிருக்கும் மரத்தவளை.

"இப்போது சொல்லுங்கள், எந்தக் குடும்பம்?" என்றார் சயாமா, கோபமே இல்லாமல். அந்த நிமிடம் எனக்கு என் குடும்பப் பெயர்கூட நினைவில்லை.

மாலையில் தவளையோடு பட்டறை வாசலில் போய் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"நேத்து டப்பா சாஞ்சு அதுமேல தெறிச்சிடுச்சு. அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

வேலை வேறொருவருக்குப் போனது. அதைவிட அண்ணனை வாயடைத்ததுதான் நெடுநாள் உறுத்தியது.

சிரிப்பையெல்லாம் அவர் என் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்திருந்தார் போலும். பந்தியில் புதுப்பெண்ணிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டார். இன்றும் நான் எதையாவது அடித்துப் பேசினால், அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்கிறாள்: "துடைச்சுப் பாத்தீங்களா?" பிள்ளைகள் ஈரத்துணி எடுக்க ஓடுகிறார்கள்.