தலை தீபாவளியும் எறும்பு ஏறிய லேப்டாப்பும்

சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவனுக்கு லேப்டாப்பைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று நம்பாத மாமனார் வீடு கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த மருமகனும் அதை நம்பிவிடுவது. நான் நம்பினேன்.

எனக்குத் தலை தீபாவளி, பாளையங்கோட்டையில். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டி கட்டி (பெல்ட்டின் தயவில்), இட்லியும் கறிக்குழம்புமாக முதல் பந்தியை முடித்திருந்தேன். கொழுந்தியாள் கோமதி லேப்டாப்போடு வந்து நின்றாள். கல்லூரியில் கடைசி வருடம். மறுநாள் காலைக்குள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை அனுப்பியாக வேண்டும்.

"அத்தான், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன். ஆன் ஆவ மாட்டேங்கு."

"கடையெல்லாம் இன்னைக்குப் பூட்டிக் கெடக்கும்" என்ற மாமனார், விருந்துக்கு வந்திருந்த தம்பியிடம் பெருமையாகச் சொன்னார்: "அதனால என்ன, மாப்பிள கம்ப்யூட்டர்லதான வேல பாக்குதாவ."

நான் பார்ப்பது டெஸ்டிங். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. ஸ்குரூடிரைவரைக் கையால் தொட்டதில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் சின்ன மாமனார் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போர்டுல பிரச்சினையா இருக்கும்" என்றேன்.

தையல் மிஷின் ஸ்குரூடிரைவர் வந்தது. கழற்றிய திருகாணிகள் தரையில் உருண்டு ஓடின. போனில் நான் பார்த்த வீடியோக்காரர், கழற்றிய வரிசை மாறாமல் தெர்மோகோலில் குத்தி வைக்கச் சொன்னார். தெர்மோகோல் இல்லை. எனக்காக வைத்த தட்டில் பெரிய துண்டு அல்வா இருந்தது. வரிசையாகக் குத்தினேன். ஒன்றுகூட அசையவில்லை.

"எதுக்கு மாப்பிள அல்வால குத்துதிய?" என்றார் சின்ன மாமனார்.

"வரிசை மாறக் கூடாதுல்லா."

"படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்" என்று அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார்.

உள்ளே எல்லாமே ஒழுங்காக இருப்பதுபோலத் தெரிந்தது. இவ்வளவு பேர் பார்க்கும்போது ஒன்றும் செய்யாமல் மூட முடியுமா? பட்டையான வயர் ஒன்றை இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு அந்த வயர் பழைய இடத்துக்குள் போகவே மறுத்துவிட்டது. நெய் சொட்டும் திருகாணிகளைப் போட்டு மூடி, "கொஞ்ச நேரம் ரெஸ்ட்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துத் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது கோமதி அழுதுகொண்டிருந்தாள். லேப்டாப்பின் ஒவ்வொரு துளை வழியாகவும் எறும்புகள் போவதும் வருவதுமாக இருந்தன. அழுகைச் சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து அத்தை வந்தார்.

"ராத்திரி எந்த பிளக்குல சார்ஜ் போட்ட?"

கோமதி சுவரைக் காட்டினாள்.

"இங்கனயா? டிவி சுவிட்சையும் போட்டாத்தான இதுக்குக் கரண்டு வரும். படுக்கப் போகும்போது நான்தான் அமத்துனேன்."

அத்தை சுவிட்சைப் போட்டார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ காலைல நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் சின்ன மாமனார், பைய.

கோமதியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பாவம், மூன்று மாத உழைப்பு. நல்லவேளையாக, ஆசிரியர் திருத்திக் கொடுத்த பழைய பிரிண்ட் ஒன்று அவளிடம் இருந்தது. தெருவே வெடி போட்டுக்கொண்டிருக்க, அவள் வாசிக்க வாசிக்க, வாழை நாரிலிருந்து காகிதம் செய்வது பற்றி என் போனில் நான் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது. தலை தீபாவளி ஃபோட்டோக்களில் என் மனைவி தனியாக மத்தாப்பு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிட்டோம். கோமதி பாஸாகிவிட்டாள். லேப்டாப் தேறவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் எது பழுதானாலும் என் காதுக்கு வருவதில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, செருப்பைத் தேடிக் குனிந்தால் கட்டிலுக்கடியில் போர்வை சுற்றிய மூட்டை ஒன்று. பிரித்தேன். மிக்ஸி. நான் நிமிர்வதற்குள் அடுக்களை வாசலில் அத்தையின் குரல் கேட்டது:

"ஏட்டி கோமதி, மாப்பிள கண்டுட்டாவ போலிருக்கு. ஸ்குரூடிரைவர எடுத்து ஒளிச்சு வை."