சந்திரவல்லி பக்கம் திரும்பாத காமெரா

சந்திரவல்லி பேசிக்கொண்டிருந்தாள். டிவியின் மூலையில் சூர்யபிரகாஷ் வடை தின்றுகொண்டிருந்தான்.

போடிநாயக்கனூரில் இருக்கும் அந்த ஏலக்காய்க் கம்பெனியின் மீட்டிங் அறையில் புதுக் காமெரா மாட்டிய நாளிலிருந்து இதே கூத்துதான். திங்கட்கிழமைதோறும் மதுரைத் தலைமை அலுவலகத்தோடு வீடியோவில் பேச வேண்டும். டிவியில் மதுரைக்காரர்கள் பெரிதாகத் தெரிவார்கள். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில், இங்கிருந்து அங்கே போகும் படம் தெரியும். யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் காமெரா தானாகத் திரும்பி முகத்தைப் பிடிக்கும் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். திரும்பத்தான் செய்தது. சந்திரவல்லி வாயைத் திறந்தாலே, எதிரில் உட்கார்ந்திருக்கும் சூர்யபிரகாஷ் பக்கம் திரும்பியது.

வேறு சமயமாக இருந்தால் அவள் இதைச் சட்டை செய்திருக்க மாட்டாள். மேனேஜர் ராஜாராம் சீக்கிரமே ஓய்வு பெறுகிறார். அடுத்த மேனேஜர் யார் என்பதை இந்தக் கூட்டங்களை வைத்துத்தான் முடிவு செய்வோம் என்று மதுரை சொல்லிவிட்டது. போட்டியில் இருந்தது இவர்கள் இருவர்தான். சரக்கைத் தரம் பிரிப்பதிலிருந்து எஸ்டேட்காரர்களின் சண்டையைத் தீர்ப்பது வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள் சந்திரவல்லி. சூர்யபிரகாஷ் போன வருடம் சேர்ந்தவன். கெட்ட பையன் இல்லை, ஆனால் வேலை என்றால் காத தூரம் ஓடுவான். உழைப்பது ஒருத்தி, முகம் தெரிவது ஒருத்தன் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் நின்றுபோன விவரத்தைச் சொல்லிவிட்டு, வந்த சரக்கைக் காட்ட உள்ளங்கை நிறைய ஏலக்காயை அள்ளி காமெராவுக்கு நேராக நீட்டினாள். விரித்த உள்ளங்கை அந்தக் காமெராவுக்குக் கட்டளையாம். இன்னும் கிட்டே போ என்று அர்த்தமாம். போனது. கட்டம் முழுக்க சூர்யபிரகாஷின் வாய் நிறைந்தது. வடையில் மிளகு கிடந்ததுகூடத் தெரிந்தது.

மதுரைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் இருந்ததுதான் அவளை இன்னும் சுட்டது.

அடுத்த வாரம் நாற்காலியை மாற்றிக்கொண்டாள். அவள் இடத்தில் அவன், அவன் இடத்தில் அவள். காமெரா அப்போதும் சூர்யபிரகாஷைத் தேடிப் பிடித்தது.

"நான் என்னக்கா செய்ய? சும்மாதான இருக்கேன்," என்றான் அவன்.

"சும்மா இருக்கவனத்தான்டா அதுக்குப் பிடிக்குது."

அதற்கடுத்த வாரம், லோடு வந்திருக்கிறது போய்ப் பார் என்று அவனை வெளியே அனுப்பினாள். எதிர் நாற்காலி காலி. காமெரா அந்தப் பக்கம் ஆளைத் தேடியது. கிடைக்காமல் மேலே ஏறியது. கண்ணாடித் தடுப்புக்கு மேல் மாலையோடு மாட்டியிருந்த, கம்பெனியைத் தொடங்கிய பெரியவரின் படத்தில் போய் நின்றது. கூட்டம் முடியும்வரை சந்திரவல்லியின் குரலில் பெரியவர் ஏலக்காய் விலை பேசினார். ராஜாராம் எழுந்து நின்று கும்பிட்டார்.

மறுவாரம் படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். ராஜாராமுக்கு வந்ததே கோபம். கம்பெனியை உண்டாக்கியவர் முகத்தில் துணி போடுகிறவள் கம்பெனியை எப்படி நடத்துவாள் என்று கத்தினார். அவளுக்காகச் சிபாரிசு செய்வதாக இருந்த மனிதர், இனி வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

காமெரா மாட்டிய பாண்டியராஜைக் கடையிலிருந்து கையோடு கூட்டி வந்து நிறுத்தினாள். எங்கள் காசில் வாங்கிய பொருள் எங்களையே அவமானப்படுத்துமா என்று கேட்டாள். அவன் அறையைச் சுற்றிப் பார்த்து, ஒரு முறை கைதட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் கண்ணாடியாப் போட்டிருக்கீகளேக்கா. குரலு எதிர்ப்பக்கம் அடிச்சுத் திரும்புது. இந்த ரூமுல பேசுறவுக தெரிய மாட்டாக, எதிர்ல இருக்கவுகதான் தெரிவாக."

தானாகத் திரும்புவதை நிறுத்தலாம், ஆனால் அதற்கு மதுரையின் அனுமதி வேண்டும் என்றான். என் முகத்தைக் காட்டுங்கள் என்று மதுரையிடம் போய்க் கெஞ்ச சந்திரவல்லி ஆளில்லை. அதுவுமில்லாமல், அவன் சொன்னதில் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. எதிரில் இருப்பவர்தான் தெரிவார் என்றால், எதிரில் இருந்துவிட்டுப் போகிறேன்.

முடிவு செய்யும் கடைசிக் கூட்டத்துக்குப் பட்டுச்சேலையில் வந்தாள். வருடம் முழுக்கச் செய்த வேலை, வரும் வருடத்துக்கான திட்டம் எல்லாவற்றையும் எழுதி சூர்யபிரகாஷ் கையில் கொடுத்தாள். சிலமலையில் கபடிப் போட்டி நடந்தால் மைக் பிடிப்பவன் அவன்தான், தொண்டைக்குப் பஞ்சமில்லை.

"உங்க பேரச் சொல்லிட்டு ஆரம்பிக்கவாக்கா?"

"வேணாம். மூஞ்சி தெரியும்போது பேரு எதுக்கு?"

அவன் கணீரென்று வாசித்தான். கட்டத்தில் சந்திரவல்லி. மதுரை கேள்வி கேட்டபோதெல்லாம் அவள் பதிலைத் துண்டுத் தாளில் எழுதித் தள்ளினாள், அவன் படித்தான். கட்டத்தில் சந்திரவல்லி. அவள் வாயைத் திறக்கவேயில்லை. திறந்தால் காமெரா திரும்பிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, தேவையான இடத்தில் மட்டும் தலையசைத்தாள். பிரமாதம், இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று மதுரையிலிருந்து குரல் வந்தபோது, காமெராவைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மதுரை ஆபீஸ் அட்டெண்டர் சுருளி ஒரு சால்வையோடு வந்து இறங்கினான். அதை சூர்யபிரகாஷ் தோளில் போட்டான். புது மேனேஜர் கூச்சத்தில் நெளிந்தபடி சந்திரவல்லியைப் பார்த்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருட உழைப்பை ஒரு கூட்டத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே. டீ குடித்துக்கொண்டிருந்த சுருளியை வராந்தாவில் மடக்கினாள்.

"ஏன் சுருளி, அன்னைக்குப் பூராம் என் மூஞ்சிதான தெரிஞ்சுச்சு. அங்க இருக்க ஒருத்தருக்குமா கண்ணு இல்ல?"

சுருளி டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்கிட்டுக்கா பாக்குறது, அங்க டிவி வாங்குன நாள்லருந்து கருப்பாத்தான் கெடக்கு, வெளிய சொன்னா கவுரவக் கொறச்சல்னு இத்தன வாரமா கொரல மட்டுந்தான் கேக்குறாக, இந்தச் சால்வையே உங்களுக்குன்னு வாங்குனதுதான், கடைசி நாளு நீங்க ஏங்க்கா வாயவே தொறக்கல?"