செவந்தி எந்தப் பக்கத்தில் செத்தாள்?

ஒரு காட்டில் பிளஸ் டூ வரைக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. மற்ற காடுகளில் ராஜா இருப்பார், மந்திரி இருப்பார். இந்தக் காட்டில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருந்தது. அதனால் தனியாக ஒரு கொடுங்கோலன் தேவைப்படவில்லை.

அங்கே சிறப்புத் தமிழ்ப் பாடம் நடத்தியவள் திலகவதி என்கிற முள்ளம்பன்றி. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஒரு நாவலாவது படித்துவிட்டு வர வேண்டும் என்று அந்த வருடம் உத்தரவு வந்தது. எந்த நாவல் என்பதில் திலகவதிக்குச் சந்தேகமே இல்லை. 'செவந்தியின் ஆறு'. வெள்ளாட்டுப் பெண் ஒருத்தி, ஊரே தடுத்தும் கேட்காமல், வெள்ளத்தில் இறங்கி அக்கரை சேருகிற கதை. கணக்கில் ஃபெயிலாகி, வளையை விட்டு வெளியே வராமல் கிடந்த காலத்தில் திலகவதி அதைப் படித்தாள். செவந்தி கரையேறியதால்தான் அவளும் வெளியே வந்தாள். அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தன் பிள்ளைகளும் படித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை.

கழகம் கூடியது. தலைமையாசிரியர் யானை நாவலைத் தும்பிக்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இதுல சிங்கத்தைப் பத்தி ஏதாவது வருதா மிஸ்?"

"வரல சார்."

"காதல்?"

"கிடையாது சார். ஆடு, ஆறு, அவ்வளவுதான்."

"நல்ல நாவல்" என்றார் யானை.

பின்வரிசையிலிருந்து கரடியம்மா எழுந்தார். "அதெல்லாம் சரி மிஸ், இதுக்கு நோட்ஸ் இருக்கா? நோட்ஸ் இல்லாத நாவலைப் பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். நோட்ஸ் வராவிட்டால் வேறு நாவல் என்று தீர்மானமாயிற்று. நோட்ஸ் போட்டு விற்கும் நரியின் கடைக்குத் திலகவதி ஓடினாள்.

"திங்கட்கிழமை கடைக்கு வந்துடும் டீச்சர்" என்றது நரி.

"நாவலைத் தந்துட்டுப் போகட்டுமா?"

"வேணாம் டீச்சர், படிச்சா குழம்பிடும். அட்டையை மட்டும் காட்டுங்க."

அட்டையில் கழுத்தளவுத் தண்ணீரில் ஓர் ஆடு நின்றது. நரி அதைக் கூர்ந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டது.

சொன்னபடி திங்கட்கிழமை நோட்ஸ் வந்தது. கதைச்சுருக்கம்: செவந்தி ஆற்றில் மூழ்கி இறந்தாள். மையக்கருத்து: பெரியோர் சொல் கேளாமையின் விளைவு.

திலகவதி முள்ளெல்லாம் சிலிர்க்க யானையிடம் போய் நின்றாள். "சார், அவ சாகல. கரையேறிடுறா!"

"நாவலை எத்தனை பேர் படிச்சிருக்காங்க மிஸ்?"

"நான் ஒருத்திதான் சார்."

"நோட்ஸை எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?"

"எல்லாரும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, தப்பு எதுல இருக்கு?"

நாவலைத் திருத்தி வாங்கிவரத் திலகவதியையே அனுப்பினார் யானை. நாவலை எழுதியவர் குளத்தோரம் வசித்த ஆமை. தன் நாவல் பள்ளிக்குத் தேர்வாகியிருக்கிறது என்றதும் தலையை வெளியே நீட்டினார். பல வருடங்களாக அது உள்ளேயேதான் இருந்தது.

"மூழ்கடிச்சிடலாம். எந்தப் பக்கத்துல வேணும்?" என்றார்.

"ஐயா, அவ நீங்க பெத்த பொண்ணு மாதிரி இல்லையா?"

"ஆமாம்மா. ஆனா முட்டை போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எங்க குலத்துல இல்ல."

புதுப் பதிப்பு வந்தது. செவந்தி மூழ்கினாள். திலகவதி வளைக்குள் போய், சொந்தக்காரி செத்ததுபோல அழுதாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. திலகவதி கரும்பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்: "செவந்தி எப்படிச் செத்தா?"

மரநாய் வீட்டுப் பெண் தனுஷ்கா எழுந்தாள். "அவ சாகல மிஸ். கரையேறிட்டா."

திலகவதி சட்டென்று திரும்பினாள். ஒரு பிள்ளையாவது பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறதே! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. முள் ஞாபகம் வந்து நின்றுகொண்டாள்.

"நாவலைப் படிச்சியா கண்ணு?"

"இல்ல மிஸ், புது நோட்ஸைப் படிச்சேன். சாவு வந்தா வீட்டுல வாங்க மாட்டேங்கறாங்கன்னு நரி மாமா மாத்திட்டாரு."

சாயங்காலமே திலகவதி குளத்துக்குப் போனாள். ஆமைக்கு அதற்குள் தகவல் வந்திருந்தது.

"வாம்மா. அவளைத்தான் பிழைக்க வச்சுக்கிட்டிருக்கேன், சரியா வரமாட்டேங்குது. பழைய முடிவு என்கிட்டயும் இல்ல."

திலகவதி கண்ணை மூடிக்கொண்டு கடைசி அத்தியாயம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னாள். ஆமை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். முடிந்ததும் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. யாரு எழுதினது?"

அடுத்த வருடம் நாவல் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. திலகவதி நூலகத்துப் பக்கமே போகவில்லை. ஒரு கூடை நல்ல வயல் நண்டு வாங்கிக்கொண்டு நேராக நரியின் கடைக்குப் போனாள்.

நீதி: கதாநாயகி உயிரோடு இருக்க வேண்டுமானால் கதாசிரியரை நம்பாதே, நோட்ஸ் போடுகிறவரைக் கவனித்துக்கொள்.