மணப்பெண் காரின் நடுக்கம்

மர்கிலான்

மதிப்பிற்குரிய சம்பந்தி துர்சுன்பாய் அவர்களுக்கு, சோபித் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே காரைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணை அழைத்துவரத் தங்கள் புதுக் காரை அனுப்புவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். மகள் ஷோயிரா பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த எங்கள் பழைய கார் இருக்கிறது. அதிலேயே அவளைத் தங்கள் வீட்டு வாசலில் இறக்குவேன் என்று, நிச்சயத்தன்று சம்பந்தத்தை உறுதிசெய்து ரொட்டி பிட்டபோது சபையில் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாளே சனியன் நடுங்க ஆரம்பித்தது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சிக்னலில் நின்றால் உதறி உதறி அணைந்துவிடும்.

நான் பானெட்டைத் திறந்ததுதான் தப்பு. தெருவே தேநீர்க் கோப்பையோடு வந்துவிட்டது. அடுத்த வீட்டு ரவ்ஷன், "டைமிங் போயிடுச்சுண்ணே" என்று, தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகினான். அவனைவிட மூத்த எர்காஷ், "போடா, கார்புரேட்டர்டா" என்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அதன் திருகாணியைச் சுற்றினார். எல்லாருக்கும் மூத்த நார்மத் தாத்தா வந்து டிஸ்ட்ரிபியூட்டரை எதிர்ப்பக்கம் திருப்பி, "இப்ப பாரு" என்றார். பார்த்தோம். சைலன்சர் டமார் என்று வெடித்தது, கோழிகள் கூரையேறின. பெரியவர் வைத்ததை அவர் முன்னாலேயே மாற்ற முடியுமா? நம் ஊர் மரியாதை தங்களுக்குத் தெரியாததா? அவர் தொழுகைக்குப் போனதும் பழையபடி வைத்தேன். திரும்பி வந்தவர், "யாருடா இத தொட்டது?" என்று மறுபடி திருப்பினார்.

கடைசியில் என் மனைவி மஹ்ஃபூஸா எட்டிப் பார்த்து, "என்னங்க, உள்ள ஏதோ சீறுதே?" என்றாள். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கழன்று, காற்றை இழுத்துக்கொண்டு தொங்கியது. அதில் ஒரு நீலத் திருஷ்டி மணி! "நிச்சயத்தன்னிக்கு எல்லாரும் காரையே பாத்தாங்க. கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் இழுத்துக் கட்டினேன்" என்றாள். குழாயை மாட்டி, எல்லார் திருகியதையும் திருத்தி, டைமிங்கைச் சரியாக வைத்தேன். இப்போது பானெட் மேல் வைத்த தேநீர்கூடச் சிந்துவதில்லை. ஆகவே தங்கள் கார் வேண்டவே வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு சலாம். மாப்பிள்ளை நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
சோபித்

பி.கு.: உறையை ஒட்டும்போது வெளியே டமார் என்றது. நார்மத் தாத்தா! "நல்லாத்தான்பா ஓடுச்சு, சும்மா ஒரு சுத்து விட்டேன்" என்கிறார். ஞாயிறு காலையும் வந்து பார்ப்பாராம். தயவுசெய்து தங்கள் காரை அனுப்புங்கள். ஆனால் ஷோயிரா அதில் ஏற மாட்டாள். "தள்ளிக்கிட்டுப் போனாலும் நம்ம கார்லதான்பா போவேன்" என்று அழுகிறாள்; எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆகையால் தங்கள் கார் முன்னால் போகட்டும். வரும்போது நல்ல கயிறாக ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.