பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துளை

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு லுபியாக் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். மேயர் உகெத் அம்மா. கொத்தனார் அன்செல்ம். ரொட்டிக்கடை ஃபிர்மேன். ஜூன் ஏழாம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவருடைய மகள் ஒதில். இருபத்திரண்டு ஊர்க் கோயில்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பங்குச்சாமி. தொன்மைச் சின்ன அலுவலகத்திலிருந்து வந்த வால்ப்ரன் ஐயா. கோயில் சாவியை வைத்திருக்கும் நான். புறா ஒன்றும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூடிய காரியம் எளியது. கோயிலின் வளைவுக் கூரையில் ஒரு ஓட்டை. கல்யாணத்துக்குள் அடைக்க வேண்டும். கட்டடத்துக்குத் தொள்ளாயிரம் வயது என்பதால், அலுவலகம் அனுமதிக்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

"பதினோரு கல்லு. அரை நாள் வேலை" என்றார் அன்செல்ம்.

வால்ப்ரன் ஐயா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்துப் புறா எழுந்து ஓட்டை வழியாக வெளியே போனது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இது ஓட்டை இல்லை."

"பின்ன என்னங்க?" என்றார் மேயர்.

"பெந்தெகொஸ்தே வாசல். அந்தக் காலத்துல திருநாளன்னிக்குக் கூரையில இருக்கிற துளை வழியா ரோஜா இதழைத் தூவுவாங்க. மரப்புறாவைக் கயித்துல கட்டி இறக்குவாங்க, தூய ஆவி இறங்குறதுக்கு அடையாளமா. மிஞ்சியிருக்கிறது ரொம்பச் சிலதுதான். அதுலயும் இவ்வளவு கரடுமுரடா நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு, அதுவும் ஆரம்பம்."

"ஐயா, ரெண்டு வருஷம் முன்னாடி புயல்ல மணிக்கூண்டுக் கல்லு விழுந்து ஆன ஓட்டைங்க இது. அந்தக் கல்லு என் கொல்லையிலதான் கிடக்குது. கோழிங்க அதுமேலதான் உக்காருது" என்றார் அன்செல்ம்.

"எழுத்தில் ஆதாரம் உண்டா?"

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் அல்ல. நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பிப்ரவரி ஒன்பது, மாலை நாலு பத்து, விழுந்த கல் ஒன்று, பெருக்கி எடுத்த சில்லுகள் அறுபத்து மூன்று, உடைந்த பூச்சாடிகள் இரண்டு. அவர் முழுவதும் படித்தார். கையெழுத்தைப் பாராட்டினார்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முன்னால எழுதினது. துளையோ பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஒரு விஷயம் நடந்து தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு எழுதினதை எப்படிங்க சாட்சியா எடுத்துக்கிறது?"

நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்ப என் கல்யாணம்?" என்றாள் ஒதில்.

சாமி தன் நாட்குறிப்பைப் புரட்டினார். "ஜூனை விட்டா, இந்த ஊருக்கு எனக்கு நவம்பர் இருபத்திரண்டுதாம்மா."

"நவம்பர்னா ஞானஸ்நானத்தையும் சேர்த்தே வெச்சிடலாம், சாமி."

தான் தாத்தா ஆகப்போகிறோம் என்பதை ஃபிர்மேன் இவ்வாறு அறிந்துகொண்டார்.

ஐந்து வாரம் கழித்து ஆணை வந்தது. பதினான்கு பக்கம். மேற்படி துளையை அடைக்கவோ, அகலப்படுத்தவோ, மழைக்காலத்தில் தற்காலிகமாக மூடவோ கூடாது. மறுவாரம் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இன்னொரு ஆணை. துளையின் விளிம்பிலிருந்து கல் விழும் அபாயம் உள்ளது. முன்னொரு முறை விழுந்ததற்குச் சாவிக்காரரின் நோட்டுப் புத்தகம் தக்க ஆதாரமாகும். ஆகவே துளைக்குக் கீழே யாரும் நிற்காதபடி கயிறு கட்ட வேண்டும், கோயிலுக்குள் ஒரே சமயத்தில் பத்தொன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

ஊர் முதலில் கோபப்பட்டது. பிறகு பத்திரிகையில் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க் கார்கள் வந்தன. முதல் ஞாயிறு ஒன்பது, நாலாம் ஞாயிறு எழுபத்தொன்று. ஃபிர்மேன் நடுவில் துளை போட்ட ரொட்டி சுட்டார். துளை இல்லாத ரொட்டியை அதன்பின் யாரும் தொடவில்லை. அன்செல்ம் துளைக் காப்பாளராக நியமனம் பெற்றார். பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை அழைத்துத் தங்கள் கோயிலிலும் ஒன்று, கொஞ்சம் பழசாக, போட்டுத்தர முடியுமா என்று கேட்டார்கள். சின்ன வயதில் மரப்புறா இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாக ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஆறாவது கையெழுத்து என்னுடையது. மேயர் அம்மா வீடு தேடி வந்து கேட்டார். மறுக்கக் கூச்சமாக இருந்தது.

ஒதில் மட்டும் மாறவில்லை. "பத்தொன்பது பேர் போதும். ரெண்டு வீட்டு ஆளுங்க மட்டும். ஓட்டை அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

ஆனால் பெந்தெகொஸ்தேவுக்கு முந்தைய நாளும் அதே ஜூன் ஏழாக அமைந்துவிட்டதால், துளையின் திறப்பு விழாவையும் அன்றே வைப்பது என்று அலுவலகம் முடிவு செய்தது. திறந்தே இருக்கும் துளையை எப்படித் திறப்பது என்று யாரும் கேட்கவில்லை.

நான் வாசலில் நின்று எண்ணினேன். வால்ப்ரன் ஐயாவும் சக அதிகாரிகளும் ஏழு பேர். பத்தொன்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப் பாதுகாப்பு அலுவலகத்தார் இரண்டு பேர். மேயரும் உறுப்பினர்களும் நாலு பேர். பத்திரிகைக்காரர் ஒருவர். சாமி. துளைக் காப்பாளர். கையில் ரொட்டிக் கூடையுடன் ஃபிர்மேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒதிலும், தாங்கி என்ற அவள் மாப்பிள்ளையும் படியேறி வந்தார்கள்.

"ஒருத்தர் வரலாம்" என்றார் பாதுகாப்பு அலுவலக அம்மா, மிகுந்த மரியாதையுடன்.

"கல்யாணங்க. ரெண்டு பேர் வேணும்" என்றான் தாங்கி.

"விதியில அது தனியா சொல்லலையே, தம்பி."

ஒதில் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க வெளிய வாங்க."

"ரொட்டியை யார் குடுக்கிறது, கண்ணு? பட்டியல்ல என் பேரு இருக்கே."

"அன்செல்ம் மாமா?"

அன்செல்ம் கூரையைப் பார்த்தார். அதுதான் அவருடைய உத்தியோகம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது?"

விழாவுக்கென்று வந்திருந்த ஆணையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கம், நாலாம் பிரிவு: விழா முடியும்வரை சாவிக்காரர் உள்ளே இருத்தல் வேண்டும். விரல் வைத்து அவளுக்குக் காட்டினேன். பிறகு என்னையும் சேர்த்து, பிசகு இருக்கக் கூடாது என்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பதினெட்டு.

மீதம் ஒன்று.