சுவிட்ச் ஆஃப் பாய்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் சுவிட்ச் ஆஃப் பாய் அணைக்கச் சொல்லாத போன் ஒன்றுகூடக் கிடையாது. தோல் மண்டியில் உழைத்து ஓய்ந்தவர். நான் வெங்காயம் உரிக்கும் பிரியாணிக் கடையின் மாடியில் தனியாகக் குடியிருந்தார். காது மந்தம். துபாயில் இருக்கும் மகள், முகம் பார்த்துப் பேச ஒரு டேப்லெட் வாங்கித் தந்திருந்தாள். காதில் மாட்டும் மிஷினை அதோடு புளூடூத்தில் சேர்த்தால் அவள் பேச்சு நேராகக் காதுக்குள் விழும். அதுதான் சேரவே மாட்டேன் என்றது.

பக்கத்துப் போன்கள் சிக்னலை இழுக்கின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மகள் கூப்பிடும் நேரத்தில் பாய் கீழே இறங்கிவிடுவார். சாப்பிடுகிறவர்களை எச்சில் கையோடு போனை அணைக்க வைப்பார். சின்னாளப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டம் அணைத்தது. பார்சல் வாங்க வந்த போலீஸ்காரரும் அணைத்தார். "அடுத்து என் கிரைண்டரையும் நிப்பாட்டிருவீக போல" என்றார் முதலாளி. பாய் அதையும் நிறுத்திவிட்டுத்தான் மாடியேறினார்.

அப்படியும் மகளின் வாய்தான் அசைந்தது. டேப்லெட்டில் கரகரத்த குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் மிஷின் விற்ற கடைப் பெண்ணைக் கூட்டிவந்தேன். அறையில் வேறு போன் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார் பாய். தலையணைக்கு அடியிலிருந்து சார்ஜர் வயர் நீண்டிருந்தது. இறந்துபோன அவர் மனைவியின் போன். கண்ணாடி நொறுங்கித் திரை இருண்டிருந்தாலும் உயிர் இருந்தது. மிஷினை முதன்முதலில் அதோடுதான் சேர்த்திருந்தார்களாம்.

"இதுதான்யா மிஷினப் பிடிச்சு வச்சிருக்கு. சார்ஜர எடுத்துட்டா இது அணைஞ்சிரும். டேப்லெட் சேந்துக்கும்" என்றாள்.

பாய் வயர்மேல் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"காலைல மிஷின மாட்டுனா டுங்குன்னு ஒரு சத்தம் வரும் அப்பு" என்றார் என்னிடம். "அவ போனு பக்கத்துல இருக்குன்னு சொல்ற சத்தம். அது இருந்துட்டுப் போகட்டும். எம்மக சொல்றத நீ எங்காதுல சொல்லு."

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். அதற்குப் பிறகு வெள்ளிதோறும், மகள் தன் அத்தாவிடம் சொல்வதை அப்படியே, "அத்தா, நேரத்துக்குச் சாப்டுங்க. உங்க நெனப்பாவே இருக்கு அத்தா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். கீழே பந்தியே சிரிக்கும். பாய் என் தலையைத் தடவி, "சாப்டேன் தங்கம்" என்பார்.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். டேப்லெட்டை மகள் எடுத்துக்கொண்டாள். அந்தப் போனை அணைக்க அவளுக்கும் கை வரவில்லை. என்னிடம் தந்துவிட்டுப் போனாள். என் தலைமாட்டில் சார்ஜில்தான் கிடக்கிறது.

எழுதி முடித்தது: ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளி, மகள் கூப்பிடும் நேரம்.