டிரிப் சார் உட்கார்ந்தால் நிற்காது

நெய்வேலியில் இதுவரை எந்த இயந்திரமும் தானாக நின்றதில்லை. யாரோ ஒருவர்தான் நிறுத்தியிருக்கிறார். இது டிரிப் சாரின் அசைக்க முடியாத கருத்து. அனல்மின் நிலையத்து கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓடுகிற மெஷின் பட்டென்று நின்றுபோனால் அங்கே அதற்கு ‘டிரிப்’ என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு உலகத்தையே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார். மிக்சி நின்றால் டிரிப். பஸ் நின்றால் டிரிப். மனைவி பேசாமல் இருந்தால் அதுவும் டிரிப்.

எங்கள் பிளாக்கில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டும் நேரத்தில் கரண்ட் போனது. “யாரும் எடத்த விட்டு நகராதீங்க!” என்று வாசலை மறித்து நின்றுகொண்டு, ஒவ்வொருவராக விசாரித்தார். ஐஸ்கிரீம் உருகியது. விசாரணை பாதியில் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்ட, அவர் முகம் மட்டும் தொங்கிப்போனது. “காரணம் தெரியாம வந்த கரண்ட்ட எப்டிங்க நம்புறது?”

அப்படிப்பட்டவரை நான் வீட்டுக்குள் அழைத்தது வேறு வழியில்லாமல்தான்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவருடைய ஒரே ஆசை, கேம் விளையாடும் கம்ப்யூட்டர். பாகம் பாகமாக வாங்கி அவரே பூட்டியது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் உறை தைத்ததுபோல, கரித்தூள் படியாமலிருக்க அதற்கும் தடித்த துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். பட்டனுக்கும் ஒயருக்கும் அளவாக ஓட்டை விட்டு.

அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் எனக்கும் ஒரு வேலை வந்தது. பாட வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து அனுப்ப வேண்டும். முதல் வாரம் சோதனை. ஒழுங்காகக் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. குழந்தைக்காகப் பழைய வேலையை விட்ட பிறகு வந்த முதல் வாய்ப்பு.

முதல் நாளே, வீடியோ பாதியில் இருக்கும்போது திரை கறுத்தது.

நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனா? ஈரக் கையோடு மவுஸைத் தொட்டேனா? குழந்தை அழுததும் அவசரமாக எழுந்தேனே, அதனாலா? கணவர் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடியைத் திறந்து, மெமரியை எடுத்துத் துடைத்துப் பூட்டினார். விண்டோஸை அழித்து மறுபடி போட்டார். ஒரு கேமையும் ஓட்டிக் காட்டினார்.

“பாரு, கல்லு மாதிரி ஓடுது.”

அவர் ஷிப்டுக்குப் போனதும் உறையை உதறி ஒழுங்காக மாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். நின்றது.

“நான் விளையாடுறப்ப நிக்கலையே?” என்றார் அன்று மாலை. அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் மெஷினுக்கு என்னைத்தான் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாலும், டிரிப் சார் காய்கறி வாங்க மொபெட்டில் டவுன்ஷிப்புக்குத்தான் வருவார். சொல்லி அனுப்பியதும் காய்ப் பையோடு வந்துவிட்டார்.

“நிக்கிறதுக்கு முன்னாடி என்னம்மா சத்தம் கேட்டுது?”

“ஒண்ணும் கேக்கல சார்.”

“சத்தமே வரலையா? வந்தும் நீ கவனிக்கலையா?”

இப்போது எனக்கு அதுவும் சந்தேகமாகிவிட்டது.

“ரூம்ல யார் யார் இருந்தது?”

“நானும் பாப்பாவும்தான்.”

என் இரண்டு வயது மகளின் பக்கம் திரும்பினார். “பாப்பா, பட்டன அமுக்குனியா?”

“ஆமா.”

“நல்லா யோசிச்சு சொல்லு. அமுக்கலதான?”

“ஆமா.”

“ஆனை வந்து அமுக்குச்சா?”

“ஆமா!”

“சாட்சி சரியில்ல,” என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். “நீ வேலையப் பாரும்மா. நான் பாத்துகினு இருக்கேன்.”

பிளாஸ்டிக் நாற்காலி இடுப்புக்கு ஆகாது என்று, கைக்குக் கிடைத்த துணியை மடித்துப் போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆச்சரியம், மெஷின் நிற்கவே இல்லை. மதியம் வரை ஓடியது. கணவர் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தபோதும் சார் எழுந்திருக்கவில்லை. கன்ட்ரோல் ரூம் வழக்கம் அது: அடுத்த ஆள் வந்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டால்தான் சீட்டை விடுவார்கள்.

“நேரா நில்லுப்பா. லோடு நார்மல். பாப்பா பட்டனாண்ட வந்துகினே இருந்துச்சு, தடுத்துட்டேன். ரசத்துல உப்பு தூக்கல். கேட்டுகினியா?”

“கேட்டுக்கிட்டேன் சார்,” என்றார் கணவர், சாப்பாட்டுக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே.

சார் போனதும் அறையைப் பெருக்கி, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். நின்றது. மறுநாள் அவர் வந்தார், ஓடியது. போனார், நின்றது. படித்த பெண் நான்; ஆனால் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கம்ப்யூட்டர் ஓடும் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

சோதனையின் கடைசி நாள். மாலைக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். சாரைக் காணோம். மெஷின் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். அழுகை வரும் நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது.

“வூட்ல டிரிப்மா. ‘தெனம் அங்க போயி குந்திகினு என்னா பண்ற’ன்னு கேட்டவதான், காலைலேர்ந்து பேசல.”

அன்று அவர் பின்னாலேயே அறைக்குள் போனதால்தான் பார்த்தேன். நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். என் உறையை உருவினார். நான்காக மடித்தார். நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

மெஷினின் மேல் கை வைத்தேன். தோசைக்கல்.

தினமும் மூச்சுமுட்ட வைத்தது நான். கழற்றியது அவர். வேலையை முடித்து, வீடியோவை அனுப்பினேன்.

“பாத்தியாம்மா? நான் இருந்தா நிக்காது,” என்றார்.

“ஆமாங்க சார்.”

வேலை கிடைத்துவிட்டது. உறை அலமாரிக்குப் போனது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாரிடம் சொல்லலாமா? காரணம் தெரிந்தால் சந்தோஷப்படுவார். தான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தால்? யோசித்து யோசித்துச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அதன்பிறகு அவர் போன் மட்டும் செய்வார். “ஓடுதாம்மா?”

“நல்லா ஓடுது சார்.”

“ஓ... சரி சரி.”

அந்த ‘ஓ’தான் என்னைப் படுத்தியது. சாவகாசமான ஒரு நாளாகப் பார்த்து, அலமாரியிலிருந்து உறையை எடுத்து மடித்து நாற்காலியில் போட்டேன். ரசத்தில் உப்பைக் குறைத்தேன். பிறகு கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாருக்குப் போன் செய்தேன்.

“சார், டிரிப் ஆயிடுச்சு.”

“எதையும் தொடாத, வந்துகினே இருக்கேன்,” என்றார். “மெஷின் தானா நிக்காதும்மா. யாரோ நிறுத்தியிருக்காங்க.”